ஒரே பாஸ்போர்ட்டில் வந்தவர்கள்

அருவங்காடு
9.1.2024

அன்புள்ள மதலேன் அக்காவுக்கு, தங்கை ஐவி எழுதிக்கொள்வது. அங்கே நீயும் கெஸியாவும் பேரப்பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே நான் இருக்கிறேன். சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் இருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் தேயிலை ஃபாக்டரியில் இருபத்தைந்து வருடம் ரோலர் சத்தத்தில் நின்ற காது உன்னுடையது. நான் கத்தினால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள்தான் முழுதாகக் கேட்பார்கள். ஆகவே கடிதம்.

மார்பை எடுத்து இரண்டரை மாதம் ஆகிறது. மருந்து ஏற்றுவது நான்கு முறை முடிந்தது, இன்னும் நான்கு முறை இருக்கிறது. வாயெல்லாம் புண், எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியை நக்குவது போல இருக்கிறது. பள்ளிக்கூட ஆபீஸுக்கு லீவு எழுதிக் கொடுத்தே அலுத்துவிட்டது. பிராங்ளின் டியூட்டி முடிந்து வந்து சமைக்கிறார். அதைச் சாப்பிடுவது தனி வைத்தியம்.

விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் வந்துவிட்டது. அதை விளக்கிச் சொல்வதற்கென்றே ஸ்டெபி என்று ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். "ஏனுங்கக்கா, கேன்சர் வர்றதே மரபணுவுல பழுது விழுறதாலதானுங்க. முக்காவாசிப் பேருக்கு மேல அது பொறந்ததுக்கு அப்புறம் விழுற பழுது. வயசாகுறதால விழும், புகையால விழும், காரணமே இல்லாமயும் விழும். அது அவங்களோடயே போயிரும், புள்ளைங்களுக்குப் போகாது. உங்களுக்கு அப்படியில்லீங்க. ஒரு பழுது பொறக்கும்போதே கூட வந்திருக்குதுங்க" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை என்றதும் நம் மலை பஸ்ஸை வைத்துச் சொன்னாள். காலில் ஒரு பிரேக், கையில் ஒரு பிரேக். எனக்கு ஒரு பிரேக் பிறவியிலேயே இல்லை. ஐம்பது வருடம் மற்றதை வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். நடுவில் எப்போதோ அதுவும் போயிருக்கிறது. பிறவிப் பழுது அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோதான் வந்திருக்க வேண்டுமாம். அப்படி இருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. ஆனால் தெரிந்துகொண்டால் வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, நீயும் ரத்தம் கொடுக்க வேண்டும். உனக்கு இருந்தால் கெஸியாவும் கொடுக்க வேண்டும். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குக் கட்டம். யார் எந்த வயதில் எதனால் போனார்கள் என்று நிரப்பி அனுப்பு. சிலோனிலிருந்து வரும்போது எனக்கு நாலு வயது. கப்பலில் நான் வாந்தி எடுத்ததுகூட நீ சொல்லித்தான் தெரியும். தாமதிக்காதே அக்கா. உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் கம்பளி இல்லாமல் வெளியே நிற்காதே.

உன் தங்கை
ஐவி

பந்தலூர்
2.2.2024

அன்புத் தங்கை ஐவிக்கு, அக்கா மதலேன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உனக்காக ஒரு நாளும் விடாமல் ஜெபமாலை சொல்கிறேன்.

பதில் தாமதமாகிவிட்டது. பனியில் செடியெல்லாம் கருகிக் கிடக்கிறது. போன வாரம் யானை வந்து பின்கட்டு வாழையைத் தின்றுவிட்டுச் சுவரையும் தள்ளிவிட்டுப் போனது. ஒன்று மாற்றி ஒன்று வேலை.

தாளைப் பார்த்தேன். அம்மா எழுபத்தொரு வயதில் மூச்சிரைப்பில் போனார், உனக்கே தெரியும். அப்பா காலில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு ஜன்னி கண்டு போனார். அம்மாவின் அக்கா தங்கைகள் எல்லோரும் கிழவிகளாகித்தான் செத்தார்கள். இந்த நோய் நம் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. தேயிலைச் செடிக்கு மருந்தடிப்பதால் வருகிறது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். ஆனால் ஃபாக்டரிக்குள் போவதற்கு முன் மருந்தடித்த மலையில் கொழுந்து எடுத்தவள் நான், நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்தவள் நீ. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கோயம்புத்தூர் வரைக்கும் என்னால் இப்போது வர முடியாது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மோரில் உப்புப் போட்டு வாய் கொப்பளி. பிராங்ளினுக்கும் ஜெபிஷாவுக்கும் என் அன்பைச் சொல்.

அக்கா
மதலேன்

அருவங்காடு
12.2.2024

அன்புள்ள அக்காவுக்கு, முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு ஐந்தாவது முறை ஏற்றியாயிற்று. புருவமும் போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தால் அவித்த முட்டை ஞாபகம் வருகிறது.

நீ அனுப்பிய தாளை ஸ்டெபியிடம் காட்டினேன். ஒவ்வொரு வட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள். "இப்படி ஒருத்தருக்குமே இல்லாம இருக்கறது கொஞ்சம் அபூர்வம்தானுங்க. அப்பா சின்ன வயசுல தவறிட்டாருல்லங்க, அவரு பக்கம் யாராச்சும் இருக்காங்களான்னு நல்லா யோசிச்சுப் பார்க்கச் சொல்லுங்க" என்றாள். சிலோனிலேயே நின்றுவிட்டவர்கள், பேர் மறந்தவர்கள், யாராக இருந்தாலும் எழுது. அந்தக் காலத்தில் நோய்க்குப் பேர் வைக்கத் தெரியாது. "மார்பில் புண்" என்று யாரையாவது சொல்லக் கேட்டிருக்கிறாயா?

அடுத்து ஜெபிஷாவுக்கு டெஸ்ட் எடுக்கப் போகிறார்கள். பெற்ற மகளுக்கு நகையும் நிலமும் கொடுக்கவில்லை, இதையாவது கொடுக்காமல் இருந்தேனா என்று தெரிய வேண்டும். தூக்கம் இல்லை அக்கா. சீக்கிரம் எழுது.

தங்கை
ஐவி

பந்தலூர்
20.3.2024

அன்புத் தங்கை ஐவிக்கு, அக்கா எழுதுவது. சுகம். உன் சுகத்துக்கு வேண்டிக்கொண்டே இருக்கிறேன். தவக்காலம், வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளைதான் சாப்பிடுகிறேன்.

நீ கேட்டதை யோசித்துப் பார்த்தேன். ஒருத்தி இருந்தாள். அப்பாவுக்குத் தங்கை முறை. அங்கம்மா என்று கூப்பிடுவோம். அவளுக்கு மார்பில் கட்டி வந்து, பழுத்து உடைந்து, முப்பத்திரண்டு வயதில் செத்துப்போனாள். நான் சின்னப் பெண். பக்கத்தில் போக விடமாட்டார்கள். இவ்வளவுதான் தெரியும்.

இதை எழுதிக்கொண்டு போய்க் கொடு. இதற்கு மேல் கேட்காதே. மழை ஒரு நாள் பெய்தது, செடி கொஞ்சம் துளிர்த்திருக்கிறது.

அக்கா
மதலேன்

அருவங்காடு
28.3.2024

அன்பான அக்காவுக்கு, உன் கடிதம் கிடைத்தது. நீ சுகமாக இரு, நூறு வயது இரு.

அங்கம்மா அத்தையைப் பற்றிச் சொன்னதும் ஸ்டெபி முகம் தெளிந்துவிட்டது. அத்தையின் வட்டத்தைக் கறுப்பாக அடித்தாள். "அப்பா வழியாத்தானுங்க வந்திருக்கு" என்றாள். அப்பாவுக்கே தெரியாமல் அப்பா சுமந்திருக்கிறார், பாவம். முகம் தெரியாத அந்த அத்தைக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

இன்னொரு நல்ல செய்தி. ஜெபிஷாவுக்கு இல்லை! படித்ததும் நானும் அவளும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதோம், யார் செத்தார்கள் என்று ஒரு அம்மா வந்து விசாரித்தார்.

இனி உன் முறை. ஏப்ரல் 15 உனக்கு நேரம் வாங்கிவிட்டேன். கெஸியாவிடம் போனில் பேசி எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறேன். முப்பத்திரண்டு வயதில் அத்தைக்கு வந்திருக்கிறது, கெஸியாவுக்கு இப்போது முப்பத்தொன்று. விளையாட்டில்லை அக்கா. அவளையும் கூட்டிக்கொண்டு வா.

தங்கை
ஐவி

பந்தலூர்
6.4.2024

ஐவிக்கு, சுகம்.

கெஸியாவிடம் ஏன் சொன்னாய்? என்னைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? அவள் மாமியார் வீடு கூடலூர் பூராவும் சொந்தம் உள்ள வீடு. அவள் மகளுக்கு ஒன்பது வயது, அதற்குள் "இந்தப் பொண்ணை நாளைக்கு யாரு கட்டுவா" என்று பேச்சு வந்துவிட்டது. பதினைந்தாம் தேதி நான் வரவில்லை. அவளும் வரமாட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மதலேன்

அருவங்காடு
30.4.2024

அக்காவுக்கு, நீ வரவில்லை. ஸ்டெபி இரண்டு முறை வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். "பஸ் லேட்டுங்களா அக்கா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நேற்று கெஸியா போன் செய்தாள். தினமும் குளிக்கும்போது தடவித் தடவிப் பார்க்கிறாளாம். சோறு இறங்கவில்லையாம். அவள் வீட்டுக்காரர் ஷிஜோ ஏதோ ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். டெஸ்டே எடுக்காமல் இரண்டு மார்பையும் எடுத்துவிடலாமா என்று கேட்கிறாள் உன் மகள். நீ ஒரு ஊசி அளவு ரத்தம் கொடுத்து, இல்லை என்று வந்தால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறாய்.

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நீ. எனக்குப் பேன் பார்த்து, பேதிக்கு மருந்து கொடுத்து, என் கல்யாணத்துக்கு உன் தாலிக்கொடியை அடகு வைத்தவள். இப்போது ஏன் இப்படி மாறிப்போனாய்? நான் களைத்துவிட்டேன் அக்கா. நோயோடு சண்டை போடலாம், உன் மௌனத்தோடு முடியாது. பதில் எழுத இஷ்டமிருந்தால் எழுது.

ஐவி

பந்தலூர்
2.7.2024

ஐவிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ சுகமாக இருக்க வேண்டும். அது மட்டும் எப்போதும் போல.

இரண்டு மாதம் எழுதாததற்குக் காரணம் யானையும் இல்லை, மழையும் இல்லை. உட்கார்ந்து படி. பிராங்ளின் பக்கத்தில் இருக்கட்டும்.

அங்கம்மா அப்பாவின் தங்கை இல்லை. சிலோனில் நம் லயத்து வீட்டு வரிசையில் மூன்றாவது காம்பராவில் இருந்தவள். அவள்தான் உன்னைப் பெற்றவள்.

1974-இல் இந்தியா வருவதற்கு அப்பா மனுப் போட்டார். குடும்பத்தோடு போட்டோ எடுத்தார்கள், பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. அதில் அப்பா, அம்மா, நான், இரண்டு வயதில் என் தங்கை ஐவி. கப்பலுக்குத் தேதி வருவதற்குள் தோட்டத்தில் பஞ்சம் வந்துவிட்டது. மரவள்ளிக் கிழங்கு கூடக் கிடைக்கவில்லை. ஐவி வயிற்றுப்போக்கில் போய்விட்டாள். அந்த வருடமே அங்கம்மாவும் போனாள். மருந்துக்காரர் களிம்பு கொடுத்தார், வேறு என்ன தெரியும் அவருக்கு. அவள் புருஷன் முன்பே இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள் நின்றீர்கள். இரண்டு வருடம் கழித்துக் கப்பல் ஏறும்போது மூத்தவள் பேச்சிக்கு ஒன்பது வயது, உனக்கு நாலு.

காகிதம் இல்லாத பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். எங்கள் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் சும்மா இருந்தது. அந்த வயது உனக்குப் பொருந்தியது, பேச்சிக்குப் பொருந்தவில்லை. உன்னை எடுத்துக்கொண்டதற்கும் அவளை விட்டதற்கும் வேறு காரணம் எதுவும் கிடையாது. உன் வீட்டு ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாயே அந்தப் போட்டோ, அதில் அம்மா மடியில் இருப்பது நீ இல்லை.

பேச்சியை வேறொரு குடும்பம் தங்கள் பாஸ்போர்ட்டில் சேர்த்துக்கொண்டது. கப்பல் இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாமில் ஆளுக்கொரு லாரியில் ஏற்றினார்கள். நீ கத்திய கத்தலுக்கு அம்மா உன் வாயில் சர்க்கரையைப் போட்டு அடக்கினாள். அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. அம்மா சாகும்போதும் "அவளுக்குத் தெரியக் கூடாதுடி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நீ ஜனவரியில் அந்தத் தாளை அனுப்பியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ரத்தம் கொடுக்க வேண்டியவள் நானில்லை, பேச்சி. ஆனால் சொன்னால் நீ எனக்கு இல்லாமல் போய்விடுவாய் என்று பயந்தேன். அதுதான் உண்மை. அத்தை என்று பொய் எழுதினேன். இப்போது என் மகள் தன்னிடம் இல்லாத நோய்க்குப் பயந்து செத்துக்கொண்டிருக்கிறாள். தன்னிடம் இருக்கிறதா என்றே தெரியாமல் ஒருத்தி இதே மலையில், எமரால்டு ஊரில் கேரட் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

ஆமாம், எமரால்டில்தான். ஏழெட்டு வருடத்துக்கு முன்பே அவளை வளர்த்த வீட்டுச் சின்னராஜைக் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னார். உனக்கும் அவளுக்கும் ஒன்றரை மணி நேரப் பயணம்தான். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் இரண்டு தடவை போனேன். தண்ணீரில் நின்று வேலை பார்க்கிறாள். உன்னைப் போலவே தலையைச் சாய்த்துப் பேசுகிறாள். வலது கையை மட்டும் மேலே தூக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அங்கம்மா ஞாபகம் வந்துவிட்டது. எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டு தடவையும் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். என்னால் முடியவில்லை ஐவி. நீதான் போக வேண்டும். அவளுக்கு உமாமகேஸ்வரி என்று ஒரு மகள் இருக்கிறாள்.

மன்னித்துவிடு என்று எழுத மாட்டேன். எழுதினால் நீ மன்னித்துத்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிடும். கெஸியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேற்றுத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

மதலேன்

அருவங்காடு
25.8.2024

அக்காவுக்கு,

வேறு எப்படியாவது ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். ஐம்பது வருடப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. சுகமா?

பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானும் பிராங்ளினும் எமரால்டு போனோம். பேச்சி வீட்டில்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும், "யாரும்மா நீங்க, வார்டு எலெக்சனுக்கா?" என்று கேட்டாள். எப்படிச் சொல்வது என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு போனேன், ஒன்றும் வரவில்லை. அங்கம்மா பெண் என்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"செவந்தியா? அவதான் லாரி ஏறிப் போன எடத்துலயே செத்துட்டாளே. எங்கிட்ட அப்பிடித்தானே சொன்னாங்க" என்றாள். மகளைத் திரும்பிப் பார்த்து, "வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு எங்கம்மாவோட சேத்து இவளுக்கும் ஒரு உருண்டை சோறு வச்சிக்கிட்டிருக்கேன் பாரு" என்றாள். ஏழு நாள் முன்புதான் வைத்திருக்கிறாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். செவந்தி என்று கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. யாரையோ கூப்பிடுகிறாள் என்று இருந்துவிட்டேன்.

நீ பார்த்தது சரிதான். ஒரு வருடமாகக் கட்டி இருந்திருக்கிறது. துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனேன். அதே பழுதுதான். உமாவுக்கும் இருக்கிறது, ஆனால் அவளுக்கு இன்னும் நோய் இல்லை. வருடா வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், வேறு வழிகளும் இருக்கின்றன என்று ஸ்டெபி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள். உமா நோட்டு வைத்து எழுதிக்கொண்டாள். பேச்சியைப் பற்றி டாக்டர் ஏதேதோ சொன்னார். மருந்து ஏற்ற ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஸ்டெபி புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து வரைந்தாள். அதில் அம்மா இல்லை, அப்பா இல்லை, நீ இல்லை. அக்காவை ஓரமாகவாவது போடு என்றேன். "ரத்த சொந்தம் மட்டும்தானுங்க போடணும், டாக்டர் குழம்பிருவாருங்க" என்றாள். அவள் மேல் தப்பில்லை. உனக்கும் கெஸியாவுக்கும் இந்தப் பழுது பற்றிய பயம் இனி வேண்டாம், ஊரில் மற்றவர்களுக்கு எப்படியோ அப்படித்தான் உங்களுக்கும் என்று சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம், உனக்கும் அது இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். உடனே கெஸியா முகம் வந்தது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

உன் மேல் கோபம் போகவில்லை. போனது மாதிரி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஐவி

பந்தலூர்
3.9.2024

ஐவிக்கு, நீயும் பேச்சியும் உமாவும் சுகம் பெற வேண்டும்.

பேச்சியைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று நீ எழுதவில்லை. எழுதாமல் விடுவது எப்படி என்று எனக்குத் தெரியாதா? ஜனவரியில் உன் கடிதம் வந்தவுடனே நான் சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாளா? மறைக்காமல் எழுது. கோயிலில் முட்டி போட்டால் இந்தக் கேள்விதான் வருகிறது, ஜெபம் வருவதில்லை.

மதலேன்

அருவங்காடு
9.9.2024

அன்புள்ள அக்காவுக்கு, சுகம் விசாரிக்கும் நிலையில் நாம் இரண்டு பேரும் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. ஜனவரியில் வந்திருந்தால் ஆபரேஷன் செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பிழைத்திருப்பாளா என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் வாய்ப்பு இருந்திருக்கும். இப்போது நாளைத் தள்ளலாம், அவ்வளவுதான். மறைக்காதே என்று நீ கேட்டாய், எழுதிவிட்டேன்.

இன்னொன்றையும் எழுதுகிறேன். உன் கடிதம் எனக்கு ஜூலை ஐந்தாம் தேதியே கிடைத்துவிட்டது. அவள் கை தூக்கவில்லை என்று நீ அதிலேயே எழுதியிருந்தாய். நான் ஐந்து வாரம் கதவைச் சாத்திக்கொண்டு, என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அழுதுகொண்டு இருந்தேன். பிராங்ளின் தினமும் "ஏனுங்க ஐவி, எமரால்டு போலாமா" என்று கேட்பார். நாளைக்கு நாளைக்கு என்பேன். உன் ஆறு மாதத்தோடு என் ஐந்து வாரத்தையும் சேர்த்துக்கொள்.

வருகிற செவ்வாய் பதினேழாம் தேதி பேச்சிக்கு மருந்து ஏற்றுகிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். உமாவுக்கு லீவு கிடைக்கவில்லை, எனக்கு உட்கார முடிவதில்லை, இடுப்பு விட்டுப்போகிறது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இங்கே வந்துவிடு, மறுநாள் விடியலில் சேர்ந்து போகலாம். நீ யார், எதை மறைத்தாய் என்று பேச்சியிடம் சொல்லிவிட்டேன். நான் ஐந்து வாரம் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் திட்டுவாள். உட்கார்ந்து வாங்கிக்கொள்ளலாம், இரண்டு பேரும்.

ஐவி